புரையேறுவதை அலட்சியம் செய்யாதீர்கள்: நிமோனியாவைத் தடுக்க ஊட்டும் முறை

சாப்பிடும்போது புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்று சொல்வது நம் வழக்கம். அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு, அதிலும் மூளை முடக்குவாதமோ வலிப்போ சேர்ந்திருந்தால், அதை அப்படி விட்டுவிடக் கூடாது. உணவும் எச்சிலும் வாயிலுள்ள கிருமிகளோடு நுரையீரலில் இறங்கித்தான் பல நேரம் நிமோனியா வருகிறது. சிலருக்கு இருமல்கூட வராது. சாப்பிட்டதும் குரல் களகளவென்று ஈரமாக ஒலிக்கும், கண் கலங்கும், அடிக்கடி சளி பிடிக்கும்.

மடியில் படுக்கவைத்துப் பாலாடையால் ஊற்றுவதை முதலில் நிறுத்துங்கள். அண்ணாந்து குடிக்கவும் விடாதீர்கள். தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழாய்க்கு வழி திறந்துகொள்ளும். முதுகு நேராக, பாதம் தரையில் பதிய, தாடை சற்றே தாழ்ந்திருக்க உட்காரவையுங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் நிமிர்ந்து பார்ப்பார், அதனால் நீங்களும் எதிரே உட்காருங்கள். ஒரு வாய்க்கு அரை டீஸ்பூன். தொண்டை மேடு ஏறி இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த வாய். முடிந்ததும் 30 நிமிடமாவது உட்கார்ந்திருக்கட்டும். தூக்கக் கலக்கத்திலும் வலிப்பு வந்த கையோடும் தண்ணீர்கூட வேண்டாம்.

ரசம் சாதம் எளிய உணவு என்று நினைக்கிறோம், ஆனால் ரசம் முன்னே ஓடிவிடும், பருக்கை பின்னே நிற்கும். ஒரே பதமாக மசித்த தயிர் சாதம் மேல். உதிரும் புட்டு, பொரி, அப்பளம் ஆகாது. தண்ணீரைக் கெட்டியாக்கித் தரச் சொல்லியிருந்தால் பதத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள். 0 முதல் 10 மி.லி. வரையிலான அளவுக்கோடு 61.5 மி.மீ. நீளமுள்ள சிரிஞ்ச் ஒன்றை வாங்குங்கள். ஊசியில்லாமல், உள்ளே தள்ளும் தண்டைக் கழற்றி, முனையை விரலால் அடைத்து 10 மி.லி. ஊற்றுங்கள். 10 விநாடி ஒழுகவிட்டு மறுபடி அடையுங்கள். 1 முதல் 4 மி.லி. மிஞ்சினால் கெட்டித்தன்மையில் முதல் நிலை, 4 முதல் 8 வரை இரண்டாம் நிலை, அதற்கு மேல் மிஞ்சியும் கொஞ்சமாவது ஒழுகியிருந்தால் மூன்றாம் நிலை. எந்த நிலை வேண்டும் என்பதை, விழுங்குவதைப் பரிசோதித்த ஸ்பீச் தெரபிஸ்ட்தான் சொல்ல வேண்டும்.

இரவில் பல் தேய்க்காமல் படுக்கவைக்காதீர்கள். தூக்கத்தில் எச்சில் உள்ளே இறங்கும். துப்பத் தெரியாதவருக்குப் பேஸ்ட்டை மெல்லத் தடவினால் போதும், நுரையை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். ஃப்ளூ தடுப்பூசி ஆண்டுதோறும் தேவை. நிமோகாக்கல் தடுப்பூசி பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

காய்ச்சல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். சாப்பாட்டை ஒதுக்குவது, வழக்கத்துக்கு மீறிய தூக்கம், திடீர்க் கோபம் ஆகியவை முந்திக்கொண்டு வரலாம். நலமாக இருக்கும்போதே, ஓய்வில் ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணி நோட்டில் குறித்து வையுங்கள். பெரியவர்களுக்கு 12 முதல் 20 இயல்பு. 25ஐத் தொட்டால் அன்றே மருத்துவரிடம் போங்கள். 30ஐத் தொட்டாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் ஆக்சிஜன் 92 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலோ 108ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நிமிர்த்தி உட்காரவையுங்கள், வாயில் எதுவும் கொடுக்காதீர்கள்.

மருத்துவமனையில் அவருடைய சோர்வைப் பார்த்து, "இவர் இயல்பே இப்படித்தான்" என்று எண்ணிவிடக்கூடும். அந்த நோட்டைக் காட்டி, நேற்றுவரை எப்படி நடந்தார், என்ன பதத்தில் சாப்பிட்டார், என்னென்ன மாத்திரை என்று சொல்லுங்கள். தூக்கம் தரும் மருந்துகளும் மனநல மருந்துகள் சிலவும் விழுங்குவதை மந்தமாக்கும். நீங்களாக நிறுத்தாமல் அளவை மாற்றலாமா என்று கேளுங்கள். வீடு திரும்பியதும் பழைய சாப்பாட்டைத் தொடங்குமுன் விழுங்குவதை மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள்.