வரப்பு தாண்டும் தவறுகள்

தர்மபுரி டவுனை ஒட்டி 20 சென்ட் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, ஒன்பது குடும்பங்கள் ஆளுக்கு 2 சென்ட் என்று பிரித்துக்கொண்டு காய்கறி போடுகிறோம். மீதி 2 சென்ட் நடைபாதைக்கும் எருக்குழிக்கும் போய்விட்டது. யூரியா இல்லை, கடை மருந்து இல்லை. இது மூன்றாவது வருடம். முதல் இரண்டு வருடத்தில் நாங்கள் செய்யாத தப்பு இல்லை. சொந்தக் கொல்லையில் தப்பு செய்தால் நமக்கு மட்டும்தான் நஷ்டம். கூட்டுத் தோட்டத்தில் அது வரப்பு தாண்டிப் பக்கத்துப் பாத்திக்கும் போய்விடும்.

முதல் தப்பு தக்காளி. பாலக்கோடு, ராயக்கோட்டை தக்காளி மண்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஒன்பது பேரில் ஏழு பேர் தக்காளிதான் வைத்தோம். ஒரு பாத்தியில் ஏறிய வெள்ளை ஈ, பத்து இருபது நாளில் மற்ற பாத்திகளிலும் இலைச்சுருட்டு நோயைப் பரப்பிவிட்டது. சுருண்ட செடியைப் பார்த்த அன்றே பிடுங்கியிருக்க வேண்டும். "பூ வெச்சிருக்கே, பாவம்" என்று விட்டுவைத்த செடிதான் மற்றதையும் கெடுத்தது. இப்போது வெள்ளை ஈக்குத் தடுப்பாக, நாற்று நடும் முன்பே தோட்டத்தைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளம் விதைக்கிறோம். மஞ்சள் பெயின்ட் அடித்த டப்பாவில் விளக்கெண்ணெய் தடவிக் குச்சியில் கவிழ்த்து வைத்தால், ஈ போய் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்த வருடம் பயிரை மாற்றுகிறோம் என்று தக்காளி இருந்த இடத்தில் கத்தரியும் மிளகாயும் வைத்தோம். அது மாற்றமே இல்லை, மூன்றும் ஒரே குடும்பம். வாடிய செடி ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால், வேர் முழுக்க மணி கோத்த மாதிரி முடிச்சு முடிச்சாக இருந்தது. நூற்புழு, வேருக்குள் புகுந்து வாழும் கண்ணுக்குத் தெரியாத புழு. தக்காளிக்குப் பிறகு ராகி போடலாம், நூற்புழுவை அடக்க நடுவில் செண்டுமல்லியும் வைக்கலாம். இந்தப் பக்கத்துப் பெரியவர்கள் ராகிக் கொல்லையில் அவரையும் சேர்த்து விதைத்ததைப் பார்த்துக்கொண்டேதான் வளர்ந்தோம். புத்தி மட்டும் வரவில்லை.

என்னை அதிகம் கடுப்பேற்றியது பழ ஈ. பாகற்காய் ஒன்று பிஞ்சிலேயே மஞ்சளாகி விழுந்திருந்தது. பிளந்து பார்த்தேன். உள்ளே அரிசி மாதிரி வெள்ளைப் புழுக்கள். உள்ளங்கையில் கொட்டியதும் வில் மாதிரி வளைந்து துள்ளின. சரி, மக்கட்டும் என்று அத்தனை காயையும் பொதுக் குழியில் போட்டேன். அந்தப் புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, ஈயாக வெளியே வரும். அப்படி எங்கள் குழியே பழ ஈப் பண்ணையாகி, ஒன்பது வீட்டுப் பாகல், புடலை எல்லாம் போயிற்று. விழுந்த காயைத் தினமும் பொறுக்கி இரண்டடி ஆழத்தில் புதைக்க வேண்டும். இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி, சில நாள் வெயிலில் வைக்க வேண்டும். ஒருவர் பொறுக்காமல் விட்டால் மற்ற எட்டுப் பேர் பொறுக்கியும் பிரயோஜனமில்லை. ஊருக்குப் போகிறவர் பாத்தியைப் பக்கத்துப் பாத்திக்காரர் பார்க்க வேண்டும், பறிக்கிற காயும் அவருக்கே. இந்த ஏற்பாடு வந்த பிறகுதான் நிலைமை சீரானது.

சாணி சும்மா கிடைக்கிறதே என்று பச்சையாகவே கொட்டுவது இன்னொன்று. அது மக்கும்போது சூடு கிளம்பும், இளம் வேர் கருகும். கூடவே வேர்ப்புழுவும் களை விதையும் இலவசம். நன்றாக மக்கிய எருவில் சாணி வாடை இருக்காது, கையில் பொலபொலவென்று உதிரும். சந்தேகமாக இருந்தால் ஒரு தொட்டியில் அதை நிரப்பி நாலு முள்ளங்கி விதை போட்டுப் பாருங்கள். ஒழுங்காக முளைத்தால் பாத்திக்கு எடுத்துப் போகலாம்.

இயற்கை மருந்துதானே, கூடப் போனால் என்ன என்ற நினைப்பும் ஆபத்து. பஞ்சகவ்யம் 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி போதும். எங்களில் ஒருவர் ஒரு லிட்டர் ஊற்றி அடித்தார், இலை ஓரம் காய்ந்தது. வேப்பங்கொட்டைக் கரைசல் என்றால் 10 லிட்டருக்கு அரைக் கிலோ வேப்பம்பருப்பு. இடித்துத் துணியில் கட்டி, இரவு முழுக்க ஊறவைத்துப் பிழிந்து, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து, சாயங்காலம் அடிக்க வேண்டும். வெயில் பட்டால் அதன் வீரியம் குறைந்துவிடும். ஆபீஸ் போகும் அவசரத்தில் காலை பத்து மணிக்கு அடித்துவிட்டு "வேம்பு வேலை செய்யல" என்பவர்கள் எங்களிடமும் உண்டு. நோய் எதுவென்றே தெரியாமல் அடிப்பதைவிட, வாடிய செடியை வேரோடு பையில் போட்டு, பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிக் கேட்பது மேல்.

தண்ணீர் முறையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் சண்டைதான். போர்வெல் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் நோட்டு ஒன்று தொங்குகிறது. நாள், நேரம், கையெழுத்து. காய்ந்த புல், ராகித் தாள் கொண்டு மூடாக்கு போட்டு மண்ணின் ஈரத்தைக் காத்தவர்களுக்கு அந்த நோட்டில் வேலை குறைவு.

முதல் அறுவடையிலேயே 'இயற்கைக் காய்' என்று போர்டு வைத்து விற்கவும் ஆசை வரும். இயற்கை விவசாயச் சான்றிதழ் விதிகளில் ஓராண்டுப் பயிர்களுக்கே 2 ஆண்டு மாறுதல் காலம், அதாவது ரசாயனத்தை விட்டுக் காத்திருக்க வேண்டிய காலம், இருக்கிறது. அதுவரை "ரசாயனம் போடாமல் வளர்த்தது" என்று சொல்லி விற்கிறோம். வாங்குகிறவர்கள் வாங்குகிறார்கள்.

அப்புறம் குத்தகை. நாங்கள் வாய்ப்பேச்சாகவே தொடங்கினோம். இரண்டு வருடம் எரு போட்டு மண் கருத்து வந்ததும், நிலத்துக்காரருக்கே அதன் மேல் கண் விழுந்தது. பேசிப் பேசி மூன்று வருடத்துக்கு எழுதி வாங்கியிருக்கிறோம். முருங்கை மட்டும் நடக் கூடாதாம், மரமானால் பிறகு நாங்கள் அதை அவரை வெட்ட விடமாட்டோம் என்கிறார். அவர் சொல்வதும் சரிதான்.