மிஷினைத் திட்டும் முன் டானாவைப் பாருங்கள்

பிளாஸ்டிக்கை உருக்கி அச்சில் அடிக்கும் மோல்டிங் பட்டறையில் பீஸ் கெட்டால் முதல் திட்டு மிஷினுக்கு, அடுத்தது ஆபரேட்டருக்கு. மிஷினின் ஹாப்பரில் கொட்டிய டானாவை, அதாவது பிளாஸ்டிக் குருணையை, யாரும் சந்தேகப்படுவதில்லை. நான் பார்த்தவரை பெரும்பாலும் கோளாறு அங்கேதான்.

டானாவின் குணம் பட்டறைக்கு வரும் முன்பே முடிவாகிவிடுகிறது. கச்சா எண்ணெயிலிருந்து வரும் நாப்தாவை நீராவியுடன் சேர்த்து, 800 டிகிரிக்கு மேல் கொதிக்கும் குழாய்களில் ஒரு நொடிக்கும் குறைவாக ஓடவிட்டால் அது உடைந்து எத்திலீன், புரொப்பிலீன் வாயுக்களாகிறது. அவற்றை ரியாக்டரில் சங்கிலியாகக் கோத்தால் பிஇ (பாலிஎத்திலீன்), பிபி (பாலிபுரொப்பிலீன்). சங்கிலி நீளமானால் உருகும்போது கெட்டியாக ஓடும். குட்டையானால் தண்ணியாக ஓடும். அதைச் சொல்லும் எண்தான் எம்எஃப்ஐ (மெல்ட் ஃப்ளோ இண்டெக்ஸ்). பிபி என்றால் 230 டிகிரியில், 2.16 கிலோ எடை அழுத்த, சின்ன ஓட்டை வழியே 10 நிமிடத்தில் எத்தனை கிராம் இறங்குகிறது என்ற கணக்கு.

"பிபிதானே" என்று எம்எஃப்ஐ 3 உள்ள, கெட்டியாக ஓடும் டானாவை மெல்லிய டப்பா மோல்டில் போட்டால் ஓரம் நிரம்பாமல் ஷார்ட் அடிக்கும். உடனே ஹீட்டை ஏற்றுவார்கள். அப்புறம் டானா கருகும். கிரேடை மாற்றியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

ஈரத்தைப் பற்றி நான் கற்றுக்கொண்டது ஒரு ஐப்பசி மழையில். நைலான் மூட்டையைப் பிரித்து, வாயைக் கட்டாமல் ராத்திரி விட்டுவிட்டோம். காலையில் அடித்த பீஸ் எல்லாம், மோல்டுக்குள் பிளாஸ்டிக் நுழையும் வாயான ‘கேட்’டிலிருந்து விசிறி மாதிரி வெள்ளிக் கோடுகள். மிஷின் மூக்கான நாசிலில் நுரை, தாளிக்கிற சத்தம். நாசிலைக் கழற்றினோம், பிரஷரை மாற்றினோம், அரை ஷிப்ட் போனது. கடைசியில் அதே டானாவை ட்ரையரில் 80 டிகிரியில் ராத்திரி முழுக்கப் போட்டு எடுத்தோம். மறுநாள் ஒரு கோடு இல்லை.

நைலானாவது கோடு போட்டுக் காட்டிக்கொடுக்கும். பெட் (பாட்டில் பிளாஸ்டிக்), பாலிகார்பனேட் இரண்டிலும் உருகும் சூட்டில் தண்ணீர் சங்கிலியையே வெட்டிவிடும். பீஸ் பார்க்க ஒழுங்காக இருந்துவிட்டுக் கீழே விழுந்தால் உடையும். பிபி, பிஇ இரண்டும் ஈரம் உறிஞ்சாதவை. அந்தப் பழக்கத்தில்தான் மற்றதையும் உலர்த்தாமல் ஓட்டுகிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. உலர்த்தி அடித்த நைலான் கிளிப்பைச் சூடு ஆறியதும் வளைத்தால் படக்கென்று ஒடியும். மெட்டீரியல் மட்டம் என்று மூட்டையைத் திருப்பி அனுப்பாதீர்கள். கொஞ்சம் ஈரம் ஏறிய பிறகுதான் நைலானுக்கு வளையும் குணம் வரும். அதற்காகவே கிளிப்பைத் தண்ணீரில் ஊறவைப்பவர்களும் உண்டு.

அரைத்த கழிவில் பிபியும் பிஇயும் கலந்தால் பீஸ் வெங்காயம் மாதிரி ஏடு ஏடாக உரியும். தண்ணீரில் போட்டுப் பிரிக்கலாம் என்றால் இரண்டும் மிதக்கும். பீஸோடு ஒட்டி வரும் தண்டுக் கழிவான ரன்னரை அப்போதைக்கப்போது தனித்தனிச் சாக்கில் போடுவதுதான் வழி.

பிவிசியை, டானா உருகும் சூடான பேரலில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். கருகி, ஹைட்ரோகுளோரிக் அமில வாயு கிளம்பி மோல்டைத் துரு பிடிக்கவைக்கும். அதே பேரலில் அடுத்து அசெட்டால், பட்டறை பாஷையில் டெல்ரின், போட்டால் இன்னும் ஆபத்து: அமிலம் பட்டு அது சிதைந்து ஃபார்மால்டிஹைடு வாயு பேரலுக்குள் அடைபடும், நாசில் வழியே பீறிட்டு அடிக்கும். நடுவில் பிஇ போட்டு முழுசாகக் கழுவித் தள்ளியாக வேண்டும்.

கடைசியாக, ஆறும்போது பீஸ் சுருங்கும் அளவு. 100 மில்லிமீட்டருக்கு ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக் அரை மில்லிமீட்டர் அளவுக்குச் சுருங்கும். பிபி ஒன்றரை மில்லிமீட்டர்கூடச் சுருங்கும். ஏபிஎஸ் மூடிக்கு வெட்டிய மோல்டில், விலை குறைவென்று பிபி ஓட்டினால் மூடி டப்பாவில் ஏறாது. மோல்டின் வெளிக்குழியைச் சுரண்டிப் பெரிதாக்கிவிடலாம். உள்ளே நிற்கும், மூடியின் உட்புறத்தை உருவாக்கும் ‘கோர்’ பாகத்தைப் பெரிதாக்க வெல்டிங் வைக்க வேண்டும், இல்லையென்றால் புதுசாகச் செய்ய வேண்டும்.