சிப்பாங்கில் இறங்கி சுபாங்கில் ஏறுபவர்களுக்கு

ஊரிலிருந்து வேலைக்கோ படிக்கவோ வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது டிக்கெட்டைத்தான். காரணம், கோலாலம்பூருக்கு விமான நிலையம் ஒன்றல்ல. சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் வரும் விமானங்கள் சிப்பாங்கில் உள்ள கேஎல்ஐஏவில் இறங்குகின்றன. 1998-இல் அது வருவதற்கு முன் எல்லாமே சுபாங்கில்தான். இன்றும் பினாங்கு போன்ற ஊர்களுக்கு சிறிய ஏடிஆர் விமானங்கள் சுபாங்கிலிருந்து பறக்கின்றன.

பினாங்கில் வேலை கிடைத்து வந்த என் சித்தப்பா மகன் கேஎல்ஐஏ கவுண்டர்களில் முக்கால் மணி நேரம் அலைந்தான். ஊரில் டிக்கெட் போட்டுக் கொடுத்தவர் அடுத்த விமானம் சுபாங்கிலிருந்து என்று சொல்லவே இல்லை. விமானம் போய்விட்டது. புது ஊரில் முதல் நாளே பையன் கலங்கிப் போனான்.

அதனால் டிக்கெட்டில் இருக்கும் மூன்று எழுத்துகளைப் பாருங்கள். கே-யு-எல் என்றால் கேஎல்ஐஏ, எஸ்-இஸட்-பி என்றால் சுபாங். விமான நிறுவனத்தின் பெயரை மட்டும் நம்பாதீர்கள். பாத்திக் ஏர் இரண்டு இடத்திலிருந்தும் பறக்கிறது.

கே-யு-எல் என்றே இருந்தாலும் டெர்மினல் 1-ஆ, 2-ஆ என்று பாருங்கள். ஏர் ஏசியா 2-இல், மலேசியா ஏர்லைன்ஸ் 1-இல். பழைய ஆட்கள் 2-ஐ இன்னும் கேஎல்ஐஏ டூ என்றுதான் சொல்வார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ரயிலில் மூன்று நிமிடம், கட்டணம் 2 ரிங்கிட். இலவச பஸ்ஸும் உண்டு. இது பெரிய விஷயமே இல்லை.

சுபாங்குக்குப் போவதுதான் கொஞ்சம் வேலை. பெட்டிகளோடு வருபவர்களுக்கு கைபேசிச் செயலியில் கூப்பிடும் வாடகைக் காரான கிராப்தான் நல்லது. சாலை காலியாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மாலையில் வேலை விடும் நேரத்தில் மழையும் சேர்ந்துகொண்டால் ஜாம் எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று சொல்லவே முடியாது. ஊரிலேயே கிராப் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள், கையில் ரிங்கிட் வைத்திருங்கள்.

ஜாமுக்குப் பயந்தால் ரயில் இருக்கிறது. கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் டெர்மினல் 1-இலிருந்து 28 நிமிடத்தில் நகரின் பெரிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலில் விடும். கட்டணம் 55 ரிங்கிட். அங்கிருந்து புத்ரா ஹைட்ஸ் பக்கம் போகும் கிளானா ஜெயா எல்ஆர்டி என்ற நகர ரயிலில் ஏறி அரா டாமன்சாராவில் இறங்கி, கடைசித் தூரத்துக்கு மட்டும் கிராப் எடுக்கலாம். சுபாங் வரைக்கும் நேராக ரயில் போகிறது என்று யாராவது சொன்னால் அது பழைய கதை. 2018-இல் விட்ட அந்த ரயிலை 2023-இல் நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு டிக்கெட்டும் தனித்தனியாக எடுத்திருந்தால் உங்கள் பெட்டி தானாக சுபாங்குக்குப் போகாது. குடிநுழைவு வரிசையில் நின்று, பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். மின் வருகை அட்டையை வருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பிவிடுங்கள். சிறிய விமானத்தில் பெட்டிக்கான எடை வரம்பும் வேறு. அம்மா கட்டிக் கொடுத்த ஊறுகாய் பாட்டிலையும் சேர்த்து எடை போட்டுப் பாருங்கள். எல்லாம் சேர்த்து இரண்டு விமானத்துக்கும் நடுவில் ஐந்து மணி நேரமாவது விடச் சொல்வேன்.

வழி தெரியாவிட்டால் கூச்சப்படாதீர்கள். “அண்ணே, சுபாங் போகணும்” என்று தமிழ் முகம் ஒன்றைப் பார்த்துக் கேளுங்கள், இங்கே நம்மவர்கள் நிறைய.

அப்படியும் நீங்கள் கேஎல்ஐஏவில் இருக்கும்போதே விமானம் போய்விட்டால், கேஎல்ஐஏ டிரான்சிட் ரயிலில் பண்டார் தாசேக் செலாத்தானில் இறங்குங்கள். பக்கத்திலேயே டிபிஎஸ் பஸ் நிலையம், பினாங்குக்கு பஸ் உண்டு. என் தம்பி அன்றிரவு அப்படித்தான் போய்ச் சேர்ந்தான்.