ஆயில் கூலர் சும்மா டிசைனுக்கு இல்லை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை விட்ட ஒரு காலையில் பல்சர் 220 ஒன்று கடைக்கு வந்தது. "அண்ணே, ஆரல்வாய்மொழி தாண்டி நேர் ரோட்டுல கொஞ்ச நேரம் விட்டாலே கால் பொள்ளுது" என்றான் ஓட்டி வந்த பையன். ஆயில் மாற்றி இரண்டு மாதம்கூட ஆகவில்லையாம். குனிந்து பார்த்தேன். ஆயில் கூலரை மறைத்துக்கொண்டு ஒரு ஃபாக் லைட் தகடு. தகட்டுக்கும் கூலருக்கும் நடுவில் செம்மண் காய்ந்து அடையாக ஒட்டியிருந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். மண் கட்டிகட்டியாக உதிர்ந்தது, கூடவே ரப்பர் இலைச் சருகும் வந்தது. "இது என்னதுண்ணே? சும்மா டிசைனுக்கு வச்சதுன்னுல்லா நெனச்சேன்" என்றான்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் பல வருஷமாக வண்டி பார்க்கிறேன். இந்தக் கேள்வி புதிதல்ல. ரேடியேட்டரைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். ஆயில் கூலர் என்றால் பலருக்கு அது இருக்கிற இடமே தெரியாது. அதனால்தான் அதற்கு இத்தனை கேடு நடக்கிறது.

வேலை என்ன என்று முதலில் பார்த்துவிடலாம். ரேடியேட்டர் தண்ணீர் சிலிண்டரைச் சுற்றியும், அதன் மேல்மூடியான ஹெட்டிலும்தான் ஓடும். பிஸ்டனின் அடிப்பக்கம், கிராங்க் பேரிங், கனெக்டிங் ராடின் பெரிய முனை, டர்போ தண்டு இங்கெல்லாம் போய்ச் சூட்டை வாங்கிக்கொண்டு வருவது ஆயில்தான். வழுவழுப்புக்கு மட்டும் ஆயில் என்று நினைப்பது பாதி உண்மை. அப்படிச் சூடாகி வருகிற ஆயிலை மெல்லிய குழாய்களில் ஓடவிட்டு, வெளியே காற்றாலோ கூலன்ட் நீராலோ சூட்டை இறக்குவது ஆயில் கூலர். பல்சர் 220, ஹிமாலயன் 411, இன்டர்செப்டர் 650 போன்ற பைக்குகளில் இருப்பது காற்று வகை. சுசூகி ஜிக்சர் 250-ல் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீருக்குப் பதில் ஆயிலே ஓடுகிறது. அந்த வண்டிக்குக் கூலர்தான் ரேடியேட்டர். பஸ், லாரி, டீசல் பிக்கப்புகளில் பெரும்பாலும் நீர் வகை. அது இன்ஜினின் பக்கவாட்டிலேயே ஒளிந்திருக்கும், வெளியே கண்ணுக்குத் தெரியாது.

ஓடும் இன்ஜினில் ஆயில் ஏறக்குறைய 90 முதல் 110 டிகிரி செல்சியஸுக்குள் இருப்பது நல்லது. 130-ஐத் தாண்டி நெடுநேரம் ஓடினால் சாதாரண ஆயில் வேகமாகக் கெடும். சூடு 10 டிகிரி கூடும்போதெல்லாம் ஆயில் கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கிற கணக்கு. சூடேறினால் ஆயில் நீர்த்துப்போகும், பிரஷர் இறங்கும், பேரிங்கில் உலோகமும் உலோகமும் உரசும்.

சரி, அப்படியென்றால் எவ்வளவு குளிர்ந்தாலும் நல்லதுதானே? இல்லை. இதுதான் விவரம் தெரிந்தவர்களே செய்கிற முதல் தவறு. பெரிய வண்டியின் கூலரை வாங்கிச் சின்ன வண்டியில், சூட்டைப் பார்த்துத் திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் இல்லாமல் மாட்டிவிடுகிறார்கள். எனக்குத் தொழில் சொல்லித் தந்த ஆசான் சொல்வார்: "மக்கா, சூடு கொறஞ்சா நல்லதுன்னு நெனைக்காத. சோறு வேகணும்னா அடுப்புல தீ வேணும்லா." இன்ஜினுக்குள் பெட்ரோல் எரியும்போது உண்டாகிற ஈரமும், எரியாத பெட்ரோலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆயிலில் சேரும். ஆயில் நன்றாகச் சூடேறினால்தான் அது ஆவியாகி வெளியே போகும். இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையில் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டுமே ஓடுகிற வண்டியின் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே வெண்ணெய் மாதிரி வெளிறிய பசை ஒட்டியிருந்தால், ஆயில் சூடே ஏறவில்லை என்று அர்த்தம். வாரத்துக்கு ஒருமுறையாவது அரை மணி நேரம் நீட்டி ஓட்டுங்கள். கூலர் தனியாக மாட்டுவதாக இருந்தால் தெர்மோஸ்டாட் உள்ளதையே மாட்டுங்கள். சூடேறும் வரை அது ஆயிலைக் கூலருக்குள் முழுதாக விடாது. நீர் வகைக் கூலரில் இந்தத் தொல்லை குறைவு. காலையில் ஆயிலுக்கு முன்பே கூலன்ட் சூடாகிவிடும், அது ஆயிலையும் சேர்த்துச் சூடாக்கும். பேர்தான் கூலர், முதல் சில நிமிடம் அது ஹீட்டர்.

அடுத்தது அடைப்பு. அந்தப் பையனின் ஃபாக் லைட் தகடு ஓர் உதாரணம்தான். கிராஷ் கார்டில் கட்டிய பெயர்ப் பலகை, கல் படாமலிருக்க என்று போடுகிற நெருக்கமான கம்பி வலை எல்லாம் ஒன்றுதான். காற்று புகாத கூலர் வெறும் அலுமினியப் பெட்டி. கடலோரத்தில் இன்னொரு கேடும் உண்டு. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்று கூலரின் மெல்லிய இதழ்களை அரித்து வெள்ளைப் பொடியாக்கிவிடும். தொட்டால் உதிரும். அங்கே உள்ளவர்கள் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுவது அவசியம். ஆனால் வாட்டர் சர்வீஸில் கொடுத்தால் பம்பைக் கூலருக்கு நேரே பிடிக்க விடாதீர்கள். இதழ்கள் மடங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அப்புறம் மண் அடைத்ததும் இதுவும் ஒன்றுதான். வண்டி ஆறிய பிறகு, சாதாரண ஹோஸ் பைப்பில், முடிந்தால் பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாகத் தண்ணீர் விட்டாலே போதும்.

காற்று வகைக் கூலர் வண்டி ஓடினால்தான் வேலை செய்யும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். மார்த்தாண்டம் நெரிசலில் பத்து நிமிடம் நின்றால் அதன் மேல் காற்றே படாது, இன்ஜினை அணைத்துவிடுங்கள். குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறை, கோதையாறு ஏற்றத்தில் இரண்டாம் கியரில் முக்கிக்கொண்டு போகும்போது பாரம் அதிகம், வேகம் குறைவு. அங்கேதான் ஆயில் சூடு எகிறும். ஏறி முடித்ததும் நிழலில் ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விட்டு அணையுங்கள். சூடான கூலர்மேல் பாட்டில் தண்ணீரை ஊற்றாதீர்கள்.

இன்னொரு இடமும் உண்டு, நம் மாவட்டத்துக்கே உரியது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கிற காற்றை எல்லோரும் அனுபவித்திருப்போம். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும்போது அது முதுகைத் தள்ளும், வண்டி பறப்பது போலச் சுகமாக இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வண்டி 70-ல் போகிறது, பின்காற்று 40 என்றால் கூலர்மேல் படுவது 30 கிலோமீட்டர் வேகக் காற்றுதான். அந்தப் பையனுக்கு அங்கே கால் பொள்ளியதில் இதற்கும் பங்கு இருந்திருக்கும். திரும்பி வரும்போது எதிர்காற்று. கூலருக்குக் காற்று தாராளம், ஆனால் இன்ஜினுக்குப் பாடு அதிகம். அதே ரோட்டில் முப்பந்தலில் நிற்கிற காற்றாலைகளின் கியர்பாக்ஸுக்கும் ஆயில் கூலர் உண்டு. காற்றிலேயே நிற்கிற யந்திரத்துக்கும் அது தேவைப்படுகிறது.

கெட்டி ஆயில் ஊற்றினால் சூடு குறையும் என்பது தப்பு. கெட்டி ஆயில் கூலரின் மெல்லிய வழியில் ஓடத் திணறும். பிரஷர் கூடி பைபாஸ் வால்வு திறந்து, ஆயில் கூலருக்குப் போகாமலே திரும்பிவிடவும் கூடும். மேனுவலில் என்ன கிரேடு போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். ஆயில் மாற்றியதும் அளவைப் பார்த்துவிட்டு அப்படியே அனுப்புவதும் தப்புதான். கூலரைக் கழற்றி மாட்டியிருந்தால் அதற்குள்ளும் ஆயில் நிறைய வேண்டும். சில நிமிடம் ஓடவிட்டு, அணைத்துவிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி பார்க்க வேண்டும்.

கூலரில் ஒழுக்கு வந்தால் இரண்டு ஹோஸையும் சேர்த்து இணைத்து பைபாஸ் செய்வது இங்கே சர்வ சாதாரணம். வீடு வந்து சேர அது சரி. மாதக்கணக்கில் அப்படியே ஓட்டினால் பேரிங் போகும். ஹோஸ் மாற்றும்போது பெட்ரோல் டியூபை கிளிப் போட்டு மாட்டுவதும் ஆபத்து. அந்த வழியில் ஓடுவது பிரஷரோடு வருகிற சூடான ஆயில். டியூப் கழன்றால் சைலன்சர்மேல் சீறும், டயர்மேல் சிந்தும். பழைய செம்பு வாஷர், பழைய ஓ-ரிங்கை மறுபடி போடாதீர்கள். ஒழுகுதே என்று ஸ்பேனரை இன்னும் ஒரு சுற்று இழுத்தால் அலுமினியத்தில் மரை போய்விடும்.

இனி நான் அதிகமாகச் சொல்ல வேண்டிய இரண்டு விஷயம்.

ஒன்று, ஆயிலும் தண்ணீரும் கலப்பது. மட்டிப்பழக் குலை ஏற்றுகிற டீசல் பிக்கப் ஒன்று வந்தது. ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே காப்பி நிறத்தில் குழம்பு. வேறொரு கடையில், ஹெட்டுக்குக் கீழே ஒழுக்கை அடைக்கிற தகடான ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று சொல்லி ஹெட்டைக் கழற்றி மாற்றியிருக்கிறார்கள். பணம் போயிற்று, பத்து நாளில் குழம்பு திரும்ப வந்துவிட்டது. நீர் வகைக் கூலரில் ஆயிலுக்கும் கூலன்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய உலோகச் சுவர்தான். ஓடும்போது ஆயில் பிரஷர் சதுர சென்டிமீட்டருக்கு 3, 4 கிலோ இருக்கும். கூலன்ட் பக்கம் சுமார் 1 கிலோ. சுவரில் ஓட்டை விழுந்தால் ஆயில் தண்ணீருக்குள் பாயும். இன்ஜினை அணைத்ததும் ஆயில் பிரஷர் பூஜ்யம், ஆனால் சூடான ரேடியேட்டரில் பிரஷர் இன்னும் இருக்கும். இப்போது தண்ணீர் ஆயிலுக்குள் இறங்கும். கேஸ்கெட் போயிருந்தால் பெரும்பாலும் ரேடியேட்டரில் குமிழி வரும், வெள்ளைப் புகை வரும், இழுவை குறையும். இவை எதுவும் இல்லாமல் குழம்பு மட்டும் இருந்தால் முதலில் கூலரைச் சந்தேகப்படுங்கள். அந்த பிக்கப்பின் கூலரைக் கழற்றி, ஒரு வாயை அடைத்து, வெந்நீர் வாளிக்குள் முக்கி மெல்லக் காற்று விட்டேன். ஓரத்தில் ஊசிமுனை அளவு இடத்திலிருந்து குமிழி வரிசையாக மேலே வந்தது. ஹெட்டைத் தொட்டிருக்கவே வேண்டாம்.

ஓட்டை ஏன் விழுந்தது? கூலன்ட் குறையும்போதெல்லாம் போர்வெல் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். அவர் வீடு கடற்கரையை ஒட்டி. தண்ணீர் வாயில் வைத்தாலே உப்பு தெரியும். அது உள்ளே பாறையாகப் படியும், உலோகத்தை அரிக்கும். கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் மேனுவல் சொன்ன அளவில் கலந்து ஊற்றுங்கள். ஆயில் கலந்துவிட்டால் கூலரை மாற்றுவதோடு நிறுத்தாமல் ரேடியேட்டர் வழி முழுவதையும் கழுவி, ஆயில் ஊறிப் பெருத்த ரப்பர் ஹோஸ்களையும் மாற்ற வேண்டும்.

இரண்டாவது, என் கையாலேயே நடந்த தவறு. பேரிங் போன ஒரு டீசல் இன்ஜினை இறக்கி, கிராங்கைக் கடைசல் பிடித்து, புது பேரிங், புது ஆயில் பம்ப் எல்லாம் போட்டேன். கூலர் நன்றாகத்தானே இருக்கிறது என்று டீசலில் கழுவி, காற்று ஊதி, அதையே மாட்டினேன். மூன்று வாரத்தில் அதே டக் டக் சத்தம். அந்தக் கூலரை அறுத்துப் பார்த்தேன். இதழ்களின் மடிப்புகளில் மினுமினுவென்று பேரிங் பொடி அப்பிக்கிடந்தது. எவ்வளவு கழுவினாலும் அந்த மடிப்புகளிலிருந்து அது முழுதாக வராது. சில இன்ஜின்களில் ஆயில் முதலில் ஃபில்டர், அப்புறம் கூலர் என்று போகும். கூலரில் கிடக்கும் பொடி நேரே பேரிங்குக்குப் போய்ச் சேரும். அந்த இன்ஜினை என் செலவில் மறுபடி செய்து கொடுத்தேன். பேரிங் போன இன்ஜினுக்கு வேலை செய்தால் கூலரைப் புதிதாக வாங்குங்கள். மெக்கானிக் வேண்டாம் என்றாலும் கேட்டு வாங்குங்கள்.

விசைப்படகு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சின்னமுட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் துறைமுகங்களிலிருந்து போகிற படகுகள் பலவற்றில் இன்ஜின் ஆயிலையும் கியர் ஆயிலையும் ஆற்றுவது கடல் தண்ணீர். அப்படிப்பட்ட கூலருக்குள் பென்சில் மாதிரி ஒரு துத்தநாகக் குச்சி திருகியிருக்கும். கடல்நீரின் அரிப்பைத் தான் வாங்கிக்கொண்டு குழாய்களைக் காப்பாற்றுவது அதுதான், அதனால்தான் அது கரைகிறது. ஒழுகாமலிருக்கிறதே என்று அந்த இடத்தில் சாதாரண இரும்பு போல்ட்டைத் திருகி வைத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அதன் பிறகு அரிபடுவது குழாய்தான். தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் வாரக்கணக்கில் கரை திரும்புவதில்லை. புறப்படும் முன்பு அந்தக் குச்சியைக் கழற்றிப் பாருங்கள். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் அப்போதே புதியதைப் போட்டுவிடுங்கள், போகும்போது கையில் இரண்டு கூடுதலாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.