மலத்தில் இரத்தம்: மூலம் என்று முடிவுகட்டும் முன்

மலத்தில் இரத்தத்தைக் கண்டவுடன், “உடம்புச் சூடு, மூலமாகத்தான் இருக்கும்” என்று தாமாகவே முடிவுகட்டி, மருந்துக்கடையில் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டு மாதக்கணக்கில் நாள் கடத்துபவர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். மூலம் உள்ளவருக்கும் பெருங்குடல் புற்றுநோய் வரலாம். ஆகவே, மூலம் இருப்பதாக மருத்துவர் முன்பே கூறியிருந்தாலும், புதிய மாற்றங்களை அதன் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது.

மலம் கழித்தபின் சொட்டும் பளிச்சென்ற சிவப்பு இரத்தம் பெரும்பாலும் மூலத்தால் வருவது; மலத்தோடு கலந்து, அடர்நிறமாகவோ சளியுடனோ வந்தால் ஐயம் கூடுகிறது. எனினும் நிறத்தை மட்டும் வைத்து வீட்டிலேயே தீர்மானிக்க இயலாது. முந்தின நாள் உண்ட பீட்ரூட்டால் மலம் சிவக்கும், இரும்புச்சத்து மாத்திரையால் கறுக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். மலச்சிக்கலோ வயிற்றுப்போக்கோ சில வாரங்களாக நீடிப்பது, மலம் நாடா போல மெலிவது, கழித்து முடித்த பிறகும் மிச்சமிருப்பதாகத் தோன்றுவது, காரணமின்றி எடை குறைவது ஆகியவற்றைத் தொடங்கிய நாளுடன் குறித்துவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெருங்குடலின் வலப்பக்கத்தில் மலம் இளகிய நிலையிலேயே இருப்பதால், அங்கே வளரும் கட்டி நெடுநாள் அடைப்பை உண்டாக்காமல், கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவாக மட்டுமே வெளிப்படக்கூடும்; இக்கசிவு இரத்தசோகையில் முடியலாம். படியேறினால் மூச்சு வாங்குகிறது, ஹீமோகுளோபின் குறைந்திருக்கிறது என்னும்போது, ஆண்களும் மாதவிடாய் நின்ற பெண்களும் இரும்புச்சத்து மாத்திரையோடு நின்றுவிடாமல், இரத்தம் எங்கே போகிறது என்று கேட்டே ஆக வேண்டும்.

பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சியாகத் தொடங்கி, புற்றாக மாறப் பத்தாண்டுகள் வரை எடுத்துக்கொள்கிறது. கேமரா பொருத்திய குழாயை ஆசனவாய் வழியே செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபியின்போதே பாலிப்பை அகற்றிவிடலாம் என்பதால், இந்தச் சோதனை நோயைக் கண்டறிவதோடு வராமலும் தடுக்கிறது. அறிகுறி இல்லாதோரும் 45 வயதில் சோதனையைத் தொடங்கலாம் என்று அமெரிக்க வல்லுநர் குழு 2021இல் பரிந்துரைத்தது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ 48 வயதில் இந்நோய் கண்டறியப்பட்டிருந்தால், நீங்கள் பத்தாண்டு முன்னதாக, 38இலேயே தொடங்க வேண்டும். நெடுநாள் குடல் அழற்சி நோய், புகை, மது, உடற்பருமன், நீரிழிவு ஆகியவையும் ஆபத்தைக் கூட்டுகின்றன. பதப்படுத்திய இறைச்சியை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் புற்றுநோய்க் காரணியாக வகைப்படுத்தியது.

ஆசனவாயில் விரலிட்டுப் பார்க்கும் எளிய சோதனைக்குக் கூச்சப்பட வேண்டாம். மலக்குடலின் கீழ்ப்பகுதிக் கட்டிகள் சில அதிலேயே தட்டுப்பட்டுவிடும். வயிறு உப்பி, வாயுவும் பிரியாமல் வாந்தி வந்தாலோ, இரத்தப்போக்கு மிகுந்தாலோ உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள்.