2027 முழு சூரிய கிரகணம்: கெய்ரோவில் அறை எடுத்துவிடாதீர்கள்

2027 ஆகஸ்ட் 2 கிரகணத்துக்கு எகிப்து போகக் கிளம்பும் புதியவர்கள் சிலர் என்னிடம் யோசனை கேட்கிறார்கள். சூரியனை வெறுங்கண்ணால் பார்க்கக் கூடாது என்பது அவர்களுக்கே தெரியும். ஆனால் நான் 1995 கிரகணத்தில் செய்த தவறுகளை அப்படியே செய்யப் போகிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

99 சதவீதம் போதும் என்று நினைப்பது

போதாது. 1995 அக்டோபர் 24 காலை, கொல்கத்தாவில் உறவினர் வீட்டு மொட்டைமாடியில் நின்றிருந்தேன். சூரியனை முழுதாக மறைக்கும் நிலவின் நிழல் தெற்கே டயமண்ட் ஹார்பர் வழியாகப் போனது. சியால்டாவில் ரயில் ஏறினால் போய்விடலாம். இங்கேயே முக்கால்வாசிக்கு மேல் மறையப் போகிறது, விடியற்காலையில் எதற்கு அலைச்சல் என்று இருந்துவிட்டேன். வெயில் மங்கியது, காற்று கொஞ்சம் குளிர்ந்தது, அவ்வளவுதான். டயமண்ட் ஹார்பர் போன நண்பர் திரும்பி வந்து, கறுத்த வட்டத்தைச் சுற்றி வெள்ளி இழைகளாகப் படர்ந்திருந்த கரோனாவை, அதாவது சூரியனின் வெளி வளிமண்டலத்தைப் பற்றிச் சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரிந்தது. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

காரணம் எளிது. கரோனாவின் வெளிச்சம் ஏறக்குறைய பௌர்ணமி நிலவின் அளவுதான். சூரியனோ அந்த நிலவைவிடச் சுமார் 4 லட்சம் மடங்கு பிரகாசம். அதில் ஒரு சதவீதம் மிஞ்சினாலும் கரோனா அந்த வெளிச்சத்தில் காணாமல் போய்விடும்.

இப்போது கெய்ரோ. விமானம் அங்கே இறங்குகிறது, பிரமிடும் பக்கத்திலேயே இருக்கிறது, அதனால் அங்கேயே அறை எடுக்கிறார்கள். கெய்ரோ நிழல் பாதைக்கு வெளியே இருக்கிறது! தெற்கே லக்சருக்குப் போங்கள், 6 நிமிடத்துக்கு மேல் முழு இருட்டு கிடைக்கும். பாதைக்குள் இருந்தால் மட்டும் போதாது, ஓரமா நடுவா என்றும் பாருங்கள். ஸ்பெயினின் மலகா பாதைக்குள்தான் இருக்கிறது, ஆனால் அங்கே 2 நிமிடம்கூட இல்லை.

வெயிலை மறப்பது

ஆகஸ்ட் மாத லக்சர், மதியம் ஒரு மணி வாக்கில். தண்ணீரும் குடையும் முக்கியம்.

18 வருடம் கழித்து இங்கேயே வரும் என்று காத்திருப்பது

கிரகணங்கள் ஏறக்குறைய 18 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பும் சாரோஸ் சுழற்சியைப் பாதி படித்தவர்கள் இதைச் சொல்கிறார்கள். 223 அமாவாசைகள் கழிந்தால் அதே குடும்பத்தின் அடுத்த கிரகணம் வரும், சரி. ஆனால் கணக்கு 18 ஆண்டு, 11 நாள், அதோடு 8 மணி நேரம். அந்த 8 மணி நேரத்தில் பூமி மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சுழன்றுவிடுகிறது, நிழல் அந்த அளவுக்கு மேற்கே தள்ளி விழுகிறது. 2009 ஜூலை 22 அன்று சூரத், வாரணாசி வழியாகச் சீனா போன கிரகணத்தின் அடுத்த வரவுதான் 2027-இல் எகிப்துக்கு வருகிறது. அதற்கடுத்தது 2045 ஆகஸ்ட் 12, அமெரிக்காவில். நான் கொல்கத்தாவில் தவறவிட்டதன் அடுத்த வரவு 2013 நவம்பர் 3 அன்று ஆப்பிரிக்காவில் விழுந்தது.

கிரகணக் கண்ணாடியைக் கழற்றாமலே இருப்பது

சூரியன் முழுதாக மறைந்தபின் கழற்றுங்கள். ஒளி மீண்டும் எட்டிப்பார்க்கும் கணத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேமரா

முதல் கிரகணத்துக்கு வேண்டாம்.