ஒராங் அஸ்லி கம்பத்துக்கு உதவப் போகிறீர்களா?

தீபாவளி நெருங்கினால் கோலாலம்பூரில் நம் நண்பர் குழுக்கள் வேன் பிடித்துக் கிளம்பிவிடும். முதியோர் இல்லம், ஆதரவற்ற பிள்ளைகள் இல்லம், அப்புறம் ஏதாவது ஒரு ஒராங் அஸ்லி கம்பம், அதாவது தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடி மக்களின் கிராமம். நானும் போயிருக்கிறேன். நல்ல மனத்தோடுதான் போகிறோம். ஆனாலும் தவறு செய்கிறோம்.

பெரிய தவறு, என்ன கொடுப்பது என்பதை இங்கே பிரிக்ஃபீல்ட்ஸில் உட்கார்ந்து நாமே முடிவு செய்வது. உலு லங்காட் பக்கம், தெமுவான் என்ற ஒராங் அஸ்லி பிரிவினரின் கம்பம் ஒன்றுக்குப் பழைய துணி கொண்டுபோனோம். பொதுக்கூடத்தின் ஓரத்தில், முன்பு வந்தவர்கள் இறக்கிய மூட்டைகள் பிரிக்காமலே கிடந்தன. ஒன்று வாய் கிழிந்து, ஜரிகை வைத்த பட்டு ரவிக்கை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் மூட்டைகளையும் பக்கத்தில் அடுக்கிய பிறகுதான், என்ன தேவை என்று பாத்தினிடம் கேட்டோம். பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப்போகும் வேனுக்கு எண்ணெய்க் காசு என்றார் அந்தத் தலைவர். கொஞ்சம் தயங்கி, கம்பத்து நிலத்தை அளந்து வரைபடம் போடத் தெரிந்த ஆள் இருக்கிறார்களா என்றும் கேட்டார்.

நிலம்தான் அவர்களுடைய சொத்து. இதை மறந்துவிட்டு ‘இல்லாதவர்கள்’ என்று இரக்கப்படுவது அடுத்த தவறு. 1995இல் விமான நிலைய நெடுஞ்சாலைக்காக டெங்கிலை அடுத்த புக்கிட் தம்போயில் தெமுவான் மக்களின் 38 ஏக்கர் எடுக்கப்பட்டது. வீட்டுக்கும் மரங்களுக்கும் பயிருக்கும் இழப்பீடு உண்டு, நிலத்துக்கு இல்லை என்றார்கள். அந்த ஊர் சாகோங் தாசியும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். 2002இல் உயர் நீதிமன்றமும் 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்களின் மரபுவழி நில உரிமையை ஒப்புக்கொண்டன. நாம் விமானம் ஏறப் போகிற சாலை அது. கேரித்தீவில் மா மெரி என்ற இன்னொரு ஒராங் அஸ்லி பிரிவினரின் கம்பங்களைச் சுற்றி இன்று செம்பனைதான். அந்தத் தீவின் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிகளும் உழைத்தார்கள். யார் நிலத்தில் நடுகிறோம் என்று கேட்க அவர்களை யாரும் விடவில்லை; நாம் இப்போதாவது கேட்கலாம்.

நமக்கு இது புரியாத விஷயமும் அல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில் நம் தொழிலாளர்கள் அரிசி மூட்டைக்காகக் காத்திருக்கவில்லை. 1960இல் அமைச்சர் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், கூலியில் மிச்சம் பிடித்துப் பணம் கட்டித் தோட்டங்களை வாங்கினார்கள்.

படம் எடுப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதாகை பிடித்து, பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, மலாயில் “தெரிமா காசே” என்று நன்றி சொல்ல வைக்கிறோம். செமாய் என்ற ஒராங் அஸ்லி பிரிவினரிடையே, உணவைப் பகிர்ந்தவருக்கு நன்றி சொல்வதே மரியாதைக் குறைவு என்று, 1960களில் அவர்களோடு வாழ்ந்த மானிடவியலாளர் ராபர்ட் டென்டன் எழுதியிருக்கிறார். நன்றி சொன்னால், கொடுத்ததை அளந்து பார்த்ததாக ஆகிவிடும். அல்லது, நீ கொடுப்பாய் என்று நான் நினைக்கவில்லை என்று சொன்னதாகிவிடும். பகிர்வது அங்கே இயல்பு. இதைப் படித்த நாளிலிருந்து நான் கேமராவை வீட்டிலேயே வைத்துவிடுகிறேன். எல்லாரும் செமாய் இல்லைதான். தீபகற்பத்தில் 18 ஒராங் அஸ்லி பிரிவுகள் இருக்கின்றன, வழக்கமும் மொழியும் வேறு வேறு. எனவே போகிற இடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பணம் கொடுத்தால் கணக்கும் முடிவும் கம்பத்துக் குழுவிடமே இருக்கட்டும், பெண்களும் உள்ள குழுவாக. ஒரு நாள் விழாவாக இல்லாமல், இரண்டு மூன்று வருடத்துக்குச் சேர்த்து ஒப்புக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், சரி என்று திரும்பி வாருங்கள்.

எங்கள் குழு இப்போது வரைபடச் செலவை ஏற்றிருக்கிறது. போன மாதம் அந்தக் கம்பத்து இளைஞர்கள் ஜிபிஎஸ் கருவியோடு டுரியான் மரங்களைச் சுற்றி நடந்தார்கள். எந்த மரம் எவருடைய பாட்டன் நட்டது என்று ஒரு பாட்டி சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார்கள்.